பிடிக்காமல் கிண்டிய களி

அன்புள்ள அம்மா,

எனக்கு ஊர் அரூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பாகலூர் ரோட்டில் ஒற்றை அறை. ஒரு கேஸ் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, இரண்டு பாத்திரம், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் இல்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்.

ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் படிப்பேன். படித்ததும் ஏக்கமாக இருக்கும். கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். ஏனென்றால் எனக்குச் சமைக்கப் பிடிக்காது. பழகினால் பிடித்துவிடும் என்றார்கள், நான்கு வருடத்தில் பிடிக்கவில்லை. கடைச் சாப்பாடு வயிற்றை எரிக்கிறது, சம்பளத்தையும் தின்கிறது. வீடியோ பார்த்துச் சமைக்கலாம் என்றால் பதினேழு சாமான் கேட்கிறார்கள். போன மாதம் ஆசைப்பட்டுக் களி கிண்டினேன், கட்டி தட்டிப்போய் அழுகையே வந்துவிட்டது. "பொம்பளைப் பிள்ளைக்குச் சமைக்கப் பிடிக்காதுன்னா எப்படி, அன்போட சமைச்சாத்தான் ருசி வரும்" என்று பெரியம்மா போனில் சொன்னார். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, என்னோடு வந்து இருக்க முடியாது. பிடிக்காமலே சமைத்து, அதில் ஊர் ருசியைக் கொண்டுவர வழி உண்டா?

செ., ஓசூர்

*

அன்புள்ள செ.,

உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கும் சமைக்கப் பிடிக்காது.

பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் கொல்லை. அம்மா ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுவாள், ஆறரைக்கெல்லாம் களைக்கொத்தோடு கிளம்பிவிடுவாள். "இந்த அடுப்பு முன்னாடி குந்தியிருக்கற நேரத்துக்கு வெயில்ல இன்னும் நாலு சால் களை எடுத்துடுவேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படியே சொல்வாள். காலையில் களி, ராத்திரி சோறு. தொட்டுக்கொள்ள ஒரு கடைசல், இல்லாவிட்டால் ரசம். வருடம் முழுக்க அதேதான். பலகாரமெல்லாம் பண்டிகைக்கு மட்டும், அதையும் அத்தை வந்துதான் சுடுவார்.

இன்றைக்கு எனக்கு உடம்பு முடியாமல் போனால் நாக்கு தேடுவது அந்தக் களியைத்தான், அத்தையின் அதிரசத்தை இல்லை. அன்போடு சமைத்தால்தான் ருசி என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அம்மாவுக்கு எங்கள்மேல் அன்பு இருந்தது, அடுப்பின்மேல் இல்லை. இரண்டும் வேறு வேறு. களி சுடச்சுட இருந்தது, கடைசலில் உப்பு சரியாக இருந்தது, பசித்த நேரத்துக்குத் தட்டில் விழுந்தது. அதுதான் ருசி. உங்கள் பெரியம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பேச்சை நீங்கள் சுமக்க வேண்டாம்.

நம்ம தருமபுரிப் பக்கத்துச் சமையலே இப்படி நேரம் இல்லாத பெண்கள் ஏற்படுத்தியதுதான். மழை வந்தால் விளைச்சல், இல்லாவிட்டால் இல்லை என்கிற பூமியில் கேழ்வரகும் கொள்ளும் துவரையும் அவரையும் வளர்ந்தன. அவற்றைக் கொல்லை வேலைக்கு நடுவே அரை மணியில் ஆக்கி இறக்கினார்கள். வறுத்து அரைப்பதற்கோ இரண்டு தடவை தாளிப்பதற்கோ யாருக்கு நேரம் இருந்தது? ஒரு சட்டி, ஒரு மத்து, களி கிண்ட ஒரு துடுப்பு. உங்கள் அறையில் இருக்கும் பாத்திரம் எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் குறைவில்லை.

சரி, களிக்கு வருவோம். கட்டி தட்டியதற்குக் காரணம் உங்கள் அவசரமாகத்தான் இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியவுடன் கிண்டினால், மாவின் மேல்பக்கம் சட்டென்று வெந்து பசையாகிவிடும். உள்ளே இருக்கும் மாவு அதற்குள் பச்சையாக மாட்டிக்கொள்ளும். கட்டி என்பது அதுதான். அதனால் முதலில் கிண்டவே கூடாது.

ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீரில் உப்புப் போடுங்கள். ஒரு கரண்டி மாவை மட்டும் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். மிச்சம் சோறு ஒரு பிடி இருந்தால் அதையும் மசித்துப் போடுங்கள். ஊரில் நொய்யரிசி போடுவார்களே, அந்த வேலையை இந்தச் சோறு செய்யும், களி நன்றாகச் சேர்ந்துவரும். தளதளவென்று கொதித்ததும் மீதி மாவை நடுவில் குன்று மாதிரி கொட்டுங்கள். கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து, மூடிவிடுங்கள். ஏழெட்டு நிமிடம் அதைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் குளித்துவிட்டு வரலாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் கிண்ட வேண்டும். பாத்திரத்தைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்தி, ஒரு நிமிடம் முழு பலத்தோடு கிண்டுங்கள். துடுப்பு இல்லாவிட்டால் கனமான மரக்கரண்டி போதும். மறுபடி மூடி மூன்று நிமிடம் சின்னத் தீயில் வையுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். கையை நனைத்துக்கொண்டு உருட்டிவிடுங்கள். மொத்தமே இருபது நிமிடம், அதில் நீங்கள் வேலை செய்வது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

மாவைக் கடையில் பொட்டலமாக வாங்காதீர்கள். 2023 மே மாதத்திலிருந்து தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். வீட்டுக் கார்டுக்கு வாங்கினாலும் சரி, சந்தையில் வாங்கினாலும் சரி, உங்கள் அம்மாவிடம் சொல்லிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது எடுத்துவரலாம். முழங்கால் வலியோடு உங்களோடு வந்து இருக்க முடியாத அம்மாவுக்கு, உங்களுக்காகச் செய்ய இது ஒரு வேலையாக இருக்கும். கேழ்வரகு மாவு டப்பாவில் இரண்டு மாதம் கெடாமல் இருக்கும். கம்பு மாவை அப்படி வாங்கி வைக்காதீர்கள், சீக்கிரம் கசந்துவிடும். நின்றுகொண்டே வேலை செய்கிற உடம்புக்கு நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. அம்மாவின் முழங்காலைப் பார்க்கிற பெண் நீங்கள், அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

களிக்குத் தொட்டுக்கொள்ள, கீரைக் கடைசல். அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒரு தக்காளி, நான்கு பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாய், ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு கட்டுக் கீரை. பருப்பையும் கீரையையும் கழுவினால் போதும், எதையும் பொடியாக நறுக்க வேண்டாம், முழுசு முழுசாகக் குக்கரில் போட்டு மூன்று விசில். உப்பைப் போட்டு மத்தால் கடைந்தால் முடிந்தது. தாளிக்கத் தோன்றினால் தாளியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கரண்டி கடலை எண்ணெயைப் பச்சையாக மேலே ஊற்றுங்கள். எந்தக் கீரை என்று கேட்காதீர்கள். கீரைக்கார அம்மாவிடம் அன்றைக்கு எது இளசாக இருக்கிறதோ அது. பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி விலை இறங்குகிற நாட்களில் கீரைகூட வேண்டாம், பருப்போடு நான்கு தக்காளி போட்டுக் கடைந்துவிடலாம்.

கொள்ளு இதைவிட உங்களுக்கு உதவும், ஏனென்றால் ஒரு தடவை வேகவைத்தால் இரண்டு பதார்த்தம். வேலைக்குக் கிளம்பும்போது அரை டம்ளர் கொள்ளைக் கல் பார்த்து ஊறப்போட்டுவிட்டுப் போங்கள். கல் பார்ப்பதை மட்டும் தவிர்க்க முடியாது, பல் போய்விடும். திரும்பி வந்ததும் மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு ஆறு விசில், அப்புறம் சின்னத் தீயில் பத்து நிமிடம். தண்ணீரைத் தனியாக வடித்து, கொஞ்சம் புளி கரைத்து விட்டு, மிளகு, சீரகம், பூண்டு இடித்துப் போட்டு ஒரு கொதி விட்டால் ரசம். கீழே நிற்கிற கொள்ளை வெங்காயம், காய்ந்த மிளகாயோடு வதக்கிக் கடைந்தால் கடைசல். ரசத்தை ராத்திரி சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசலைக் காலையில் ஒரு தடவை சூடு பண்ணிச் சாப்பிட்டுவிடுங்கள். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஒரு இரவுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாங்கும், சித்திரை வைகாசியில் மட்டும் வேண்டாம்.

எதுவுமே முடியாத நாள் ஒன்று வரும். கால் வீங்கி, யாரிடமோ பேச்சு வாங்கி, அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்படியே உட்காரத் தோன்றுகிற நாள். அன்றைக்குப் பச்சைப்புளி ரசம். எலுமிச்சம்பழத்தில் பாதியளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே கரையுங்கள். இரண்டு காய்ந்த மிளகாயை அடுப்புத் தீயில் காட்டிச் சுட்டு, உப்போடு சேர்த்து அதிலேயே நொறுக்கிப் பிசையுங்கள். நான்கு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போடுங்கள், கொத்தமல்லித் தழை கிள்ளிப் போடுங்கள், ஒரு துண்டு வெல்லம். கொதிக்கவைக்கக் கூடாது. குக்கரில் சோறு மட்டும் வைத்து, ஆவி பறக்கிற சோற்றில் இதை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள். தொட்டுக்கொள்ள ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. புளிக்கு நம்ம தருமபுரியில் பஞ்சமில்லை, ஊரிலிருந்து ஒரு கிலோ கொண்டுவந்தால் பல மாதம் வரும். காய்ச்சல் விட்டு எழுந்த நாட்களில் என் அம்மா எனக்குக் கொடுத்தது இதுதான். எழுதும்போதே வாய் ஊறுகிறது.

செய்யவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதத்தில் ஓசூர்ச் சந்தையில் பனி அவரை வந்து குவியும். வாசனையில் மயங்கிப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கலாம் என்று ஒரு கிலோ வாங்கிவிடாதீர்கள். உரித்து, ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கி முடிப்பதற்குள் உங்களுக்குச் சமையல்மேல் இருக்கிற வெறுப்பு இரண்டு மடங்காகும். அது நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்கிற வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து நீங்களும் பிதுக்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். இட்லி மாவும் வேண்டாம். அந்தக் குளிரில் புளிக்க நேரமாகும், ஷிப்ட் மாறும்போது மாவு வீணாகும்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று தோன்றியது. பதினேழு சாமான் என்று எழுதியிருந்தீர்கள். அடுப்பைவிட அதுதான் உங்களைக் களைப்பாக்குகிறது என்று நினைக்கிறேன். எதைச் செய்வது, அதற்கு எதை வாங்குவது, வாங்கியதில் மிச்சத்தை என்ன செய்வது என்கிற யோசனைதான் பாதிச் சமையல். என் அம்மா அந்த யோசனையே வைத்துக்கொண்டதில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள். கேழ்வரகு மாவு, அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, புளி, காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கடலை எண்ணெய், உப்பு. இவ்வளவு எப்போதும் அறையில் இருக்கட்டும். மிளகு, சீரகம் நூறு நூறு கிராம் வாங்கினால் மூன்று மாதம் ஓடும். கீரை, தக்காளி மட்டும் அன்றன்றைக்கு. காலை ஷிப்ட் வாரம் என்றால் சாயங்காலம் களி. இரண்டாம் ஷிப்ட் வாரம் என்றால் பகலில் சோறும் கொள்ளும். ஒரே சாப்பாட்டை ஆறு நாள் சாப்பிடுகிறேன் என்று யாரிடமும் வெட்கப்பட வேண்டாம்.

இரவு ஷிப்ட் வாரத்துக்குத்தான் கூழ். சாயங்காலம் களி கிண்டும்போது ஒரு உருண்டை கூடுதலாகப் போடுங்கள். ஆறியதும் அதை ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மூழ்க ஊற்றி மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அரூர் வெயிலில் என்றால் விடிவதற்குள் தானாகப் புளித்திருக்கும், ஓசூரில் அவ்வளவு புளிக்காது. அதனால் வரும் வழியில் ஒரு பாக்கெட் மோர் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போது அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை. களியைக் கையால் கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். பாத்திரம் ஊறட்டும், தூங்கி எழுந்து கழுவிக்கொள்ளலாம்.

அடுத்த களி எப்படி வந்தது என்று எழுதுங்கள். மறுபடி கட்டி தட்டினாலும் எழுதுங்கள், எத்தனை நிமிடம் மூடிவைத்தீர்கள், தீ எப்படி இருந்தது என்று சேர்த்து எழுதினால் எங்கே பிசகியது என்று சொல்கிறேன்.

அன்புடன்.