வாசகர் கேள்வி: ஆற்றைக் காக்க விறகை எரிக்கலாமா?

கேள்வி: திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு இப்போது நொய்யல் ஆற்றில் விடப்படுவதில்லை என்கிறார்கள். ஆனால், பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரி லாரியாக விறகு போவதைப் பார்க்கிறேன். தண்ணீரைச் சுத்தம் செய்ய மரத்தை எரிப்பது எப்படிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பாகும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: பருத்தித் துணியில், இழையோடு வேதிப் பிணைப்பில் ஒட்டும் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயக் குளியலில் உப்பைத் தாராளமாகச் சேர்த்தாக வேண்டும். துணியை அலசும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. நிறத்தையும் கரிமக் கழிவையும் நுண்ணுயிரிகளைக் கொண்டு பெருமளவு நீக்கிவிடலாம். உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்னாது. விறகின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கணக்குக்காக, லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 1,000 லிட்டர் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அதை அழுத்தும்போது 850 லிட்டர் நல்ல நீராகப் பட்டறைக்குத் திரும்பினால், மிச்சமுள்ள 150 லிட்டரில் ஏறத்தாழ 6 கிலோ உப்பும் தங்கிவிடும். அதாவது லிட்டருக்கு 40 கிராம், கடல்நீரைவிடக் கரிப்பு. இதை ஆற்றில் விட முடியாது என்பதால் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,250 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரே கொப்பரையில் காய்ச்சினால் அந்த 150 லிட்டருக்கு மட்டும் இருபது கிலோவுக்கு மேல் விறகு செலவாகும். முதல் கலத்தின் நீராவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல அடுக்கு ஆவியாக்கிகள் இச்செலவைப் பல மடங்கு குறைக்கின்றன. ஆனாலும் புகை இல்லாமல் போவதில்லை.

ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மாற்று என்னவாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புகைக்கு வடிகட்டி போடலாம், விறகைக் குறைக்கலாம். நிலத்தடியில் இறங்கிய உப்பை எடுக்க வழியில்லை. என் கணக்கில் விறகே சிறிய தீமை.

கேள்வி: அப்படிக் காய்ச்சியெடுத்த உப்பு எங்கே போகிறது?
– வாசகர், சென்னிமலை

பதில்: சாயமேற்றச் சேர்க்கும் உப்பான சோடியம் சல்பேட்டைக் குளிரவைத்துப் படிகமாகப் பிரித்தெடுத்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள்; அடர் உப்புநீரையும் அப்படியே திருப்பி அனுப்புவதுண்டு. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புதான் தலைவலி. சாயத்தின் எச்சங்களோடு பழுப்பேறிய அது, மூட்டைகளில் கட்டப்பட்டுக் கொட்டகைகளில் அடுக்கிவைக்கப்படுகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மூட்டையடியில் கசியத் தொடங்கும். தரை வெடித்திருந்தால், ஆற்றுக்குப் போகாமல் தடுத்த அதே உப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். சுத்திகரிப்பு உப்பை இடம் மாற்றுகிறதே தவிர, அழிப்பதில்லை.

எனவே உப்பைக் குளியலிலேயே குறைப்பதுதான் உண்மையான கட்டுப்பாடு. சாயத்தில் தோய்த்த துணியைச் சுருட்டி, மூடி, இரவெல்லாம் சுழலவிடும் முறையில் உப்பு ஏறக்குறைய தேவைப்படுவதே இல்லை. ஆனால் நெய்த துணிக்கு எளிதாக ஒத்துவரும் இம்முறை, இழுத்தால் நீளும் பின்னல் துணிக்கு அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. திருப்பூரின் பிழைப்போ பின்னலாடையில்தான் இருக்கிறது.