ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் வீக்கம்: குத்திவிடலாமா?

கேள்வி: மேச்சேரி பக்கம் 22 செம்மறி வைத்திருக்கிறேன். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கியதும் படுகையில் முளைக்கும் புல்லில்தான் மேய்ச்சல். இப்போது நான்கு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது. சாயங்காலம் பெரிதாகிறது, காலையில் வற்றிவிடுகிறது. ஊசியால் குத்தி நீரை எடுக்கலாமா? சூடு போடச் சொல்கிறார்கள்.

பதில்: குத்தவும் வேண்டாம், சூடும் வேண்டாம். வீக்கம் தாடையில் இருந்தாலும் நோய் வயிற்றில் இருக்கிறது. கட்டைவிரலால் அந்தப் பையை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து, விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் அது தோலுக்கடியில் கோத்த நீர். சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருந்து காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது தொண்டை அடைப்பான் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடுத்து, ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தால், நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்வேன். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் இரத்தக் குழாயில் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிகிறது. பகலெல்லாம் தலை குனிந்து மேய்வதால் அது தாடையில் இறங்குகிறது; இரவில் தலை தூக்கிப் படுத்திருப்பதால் காலையில் வற்றுகிறது. குத்தினால் மறுநாள் சாயங்காலமே திரும்ப வரும், புண் மட்டும் மிச்சம். சூடு போட்ட ஆட்டைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

உங்கள் மேய்ச்சல் இடத்தை நினைத்தால் இன்னொரு சந்தேகமும் வருகிறது. தண்ணீர் ஓரத்தில் நத்தை இருக்கும். நத்தை இருக்கும் இடத்தில் ஈரல் தட்டைப் புழுவும் வரும். உருண்டைப் புழுவுக்கான மருந்துகளில் சில அதைக் கொல்லாது. அதனால் நான்கு ஆடுகளின் புதுச் சாணத்தைத் தனித்தனியாக எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். எடை போட்டுத்தான் அளவு. கண் மதிப்பில் குறைத்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சினை ஆடு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இளஞ்சினையில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கூடாது.

இமை வெளுத்த ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பாதி வழியில் விழுந்துவிடும். பட்டியிலேயே கட்டி அகத்தி, வேலிமசால், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு கொடுங்கள். மற்ற 18 ஆடுகளின் இமையையும் இன்றே பாருங்கள். பனி காய்ந்த பிறகு மேட்டு நிலத்தில் மேயவிடுங்கள், ஏனென்றால் ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சு மேலே ஏறி நிற்கும்.