டிஸ்பேஸில் தமிழ் பிடிஎஃப் உள்ளே தேடினால் வருவதில்லை: பதில்

கோளாறு டிஸ்பேஸில் (ஆவணங்களைச் சேமித்துத் தேடவைக்கும் மின்களஞ்சிய மென்பொருள்) இல்லை, கோப்பில்தான். தலைப்பு தேடலில் வருகிறது, பாடக்குறிப்புக்குள் இருக்கும் சொல் மட்டும் வரவில்லை என்கிறீர்களே, அந்தக் குறிப்புகள் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துருவில், தட்டச்சானவையாக இருக்கும். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் எங்கு கேட்டாலும் பழைய குறிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான்.

பிடிஎஃப்பில் 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக விழுந்தால் பாமினியேதான். தேடுபொறிக்கும் அதுதான் தெரிகிறது. எழுத்தைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது ஸ்கேன் படம். அதற்கு ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வேண்டும்.

விரிவுரையாளரிடம் வேர்ட் கோப்பைக் கேளுங்கள் (கிடைப்பதுதான் பெரிய பாடு!). யூனிகோடுக்கு மாற்றி, புதிய பிடிஎஃப் ஏற்றி, கோப்பிலிருந்து தேடலுக்கான உரையைப் பிரித்தெடுக்கும் டிஸ்பேஸ் கட்டளையான ஃபில்டர்-மீடியாவை '-எஃப்' தெரிவோடு ஓட்டுங்கள். அதே கோப்புப் பெயர் என்றால், அந்தத் தெரிவு இல்லாமல் பழைய உரையே நின்றுவிடும்.

மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் சிதையும், ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யூனிகோடு பிடிஎஃப்பிலும் 'கொ', 'கோ' சிலவேளை உடையும். அதனால் சுருக்கத்தையும் திறவுச்சொற்களையும் மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய விவரப் பதிவில்) தமிழிலேயே போட்டுவிடுங்கள்.