புகார் கொடுத்தவரே குற்றம் சாட்டப்பட்டால்

கேள்வி: நான் திருநெல்வேலியைச் சேர்ந்தவன். ஒரு கட்சித் தலைவரின் மேடைப்பேச்சைக் கேலி செய்து முகநூலில் எழுதியதற்காக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196(1) பிரிவின்கீழ் என் மீது வழக்குப் பதிந்துள்ளனர். எங்கள் தலைவரை ஏளனம் செய்த மாற்றுக்கட்சிக்காரர் மீது சென்ற ஆண்டு நானே இதே பிரிவில் புகார் கொடுத்தேன். அது எனக்குப் பாதகமாகுமா?

பதில்: சட்டப்படி ஆகாது. அடிப்படை உரிமையை யாரும் தம் முந்தைய நடத்தையால் இழந்துவிடுவதில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

196-ஆம் பிரிவு, மதம், சாதி, மொழி போன்ற அடிப்படையில் பிரிவினருக்கிடையே பகைமூட்டுவதைத் தண்டிப்பது. இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவுக்கு இரு பிரிவினராவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று பிலால் அகமது காலூ வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு தலைவரைக் கேலி செய்வது மட்டும் அதில் அடங்காது. சொற்களின் விளைவை உறுதியான மனம் படைத்தவர்களின் அளவுகோலால்தான் எடைபோட வேண்டும், எதைக் கேட்டாலும் புண்படுகிறவர்களின் அளவுகோலால் அல்ல என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் (2025) அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. அவர் காங்கிரஸ் எம்.பி. என்பதால் அத்தீர்ப்பு பிற கட்சியினருக்குப் பயன்படாமல் போவதில்லை.

இதற்கு முன்னோடியாக நான் எப்போதும் காட்டுவது 1950 மே 26. சென்னை மாநில அரசு தடுத்த இடதுசாரி இதழான ‘கிராஸ் ரோட்ஸ்’ சார்பில் ரொமேஷ் தாப்பரும், டெல்லி நிர்வாகம் முன்தணிக்கை விதித்த, ஆர்.எஸ்.எஸ். சார்புடைய ‘ஆர்கனைசர்’ சார்பில் பிரிஜ் பூஷணும் தொடுத்த வழக்குகளில், ஒரே நாளில், ஒரே காரணத்தைச் சொல்லி, உச்ச நீதிமன்றம் இரு உத்தரவுகளையும் ரத்து செய்தது. மாறுபட்ட நீதிபதி ஃபசல் அலிகூட இரண்டிலுமே மாறுபட்டார். மறு ஆண்டே முதலாவது திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதையும் கட்டுப்பாட்டுக்கான காரணமாகச் சேர்த்தது; ஆயினும் அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்திருத்தத்திலேயே வந்தது.

நீங்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528 பிரிவின்கீழ், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் அம்மனுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த மாற்றுக்கட்சிக்காரரின் வழக்கறிஞர் அப்படியே எடுத்தாளலாம். அதைத் தடுக்க முயலாதீர்கள். 196 சமரசத்துக்குரிய குற்றமல்ல என்பதால் உங்கள் புகாரை நீங்களாகத் திரும்பப் பெற இயலாது. அவர் ரத்து மனு தாக்கல் செய்தால், ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் அளிக்கலாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, உதவக்கூடும். அவர் வெறும் ஏளனத்தோடு நில்லாமல் யாரையேனும் தாக்கச் சொல்லித் தூண்டியிருந்தால் மட்டும் பத்திரம் தராதீர்கள். அந்த விதிவிலக்கு உங்கள் பதிவுக்கும் பொருந்தும்.

கைதுக்குப் பதிலாக அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தால், குறித்த நாளில் தவறாமல் ஆஜராகுங்கள். பதிவை இப்போது அழிக்க வேண்டாம். ஆதாரத்தை மறைத்ததாகச் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.