ஆண்டு அச்சிடாத நியூகாசில் கேலிப்பாட்டு: காலத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் நியூகாசிலில் படிக்கிறேன். மேயரையும் தெருவுக்கு வந்த எரிவாயு விளக்கையும் கேலி செய்யும் பாட்டு அச்சிட்ட பழைய ஒற்றைத்தாள் ஒன்று கிடைத்தது. அதில் ஆண்டு இல்லை. அதன் காலத்தை எப்படி அறிவது? ஆய்வேட்டில் அதைச் சான்றாகக் காட்டலாமா?

பதில்: முதலில் தாளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அச்சிட்டவர் தம் பெயரையும் முகவரியையும் போட வேண்டும் என்று 1799-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. அச்சகங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே அந்த முகவரியை, வணிகர்களின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட்ட அக்கால வணிகக் கையேடுகளோடு ஒப்பிட்டால், காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியில் (காகிதத்துக்குள் பதிந்த குறியில்) ஓர் ஆண்டு தெரியக்கூடும். அது காகிதம் செய்த ஆண்டே தவிர, பாட்டு அச்சான ஆண்டு அன்று. மேலே உள்ள மரச்செதுக்குப் படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே கட்டையைப் பல்லாண்டுகள் வெவ்வேறு பாட்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

நியூகாசிலில் எரிவாயு விளக்கு முதன்முதலில் எரிந்தது 1818-இல். எனவே உங்கள் பாட்டு பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இராது. ஜான் மார்ஷல் 1827-இல் வெளியிட்ட உள்ளூர்ப் பாட்டுத் தொகுப்பில் அது இருந்தால், அதற்குப் பிந்தியதல்ல என்ற மேல் எல்லையும் கிடைத்துவிடும். மேயரின் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அக்காலத்தில் மேயர் தேர்தல் ஆண்டுதோறும் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி, இலையுதிர்காலத்தில் நடந்ததால், ஒருவரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகளில் பரவியிருக்கும். ஒரே ஆள் மீண்டும் மேயரானதும் உண்டு.

சான்றாகக் காட்டலாம், ஆனால் யார் குரலில் யார் பேசுகிறார் என்று பார்த்த பிறகே. இப்பாட்டுகள் பலவற்றில் நகரத்துக்கு வந்து வியக்கும் சுரங்கத் தொழிலாளியே பேசுவார். எழுதியவரோ பலவேளை கடைக்காரராகவோ வணிகராகவோ இருப்பார். பெயர்பெற்ற பாட்டாசிரியர் ஜான் ஷீல்டு மளிகை வணிகர். ஆதலால் மேயரைக் கேலி செய்யும் அதே வரி, பேசும் தொழிலாளியின் கொச்சையையும் வெகுளித்தனத்தையும் சேர்த்தே சிரிப்புக்குள்ளாக்குகிறது. அதைத் தொழிலாளரின் கருத்தாக எடுத்துக்கொண்டு ஏமாந்த ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நகரம் எதைப் பேசிச் சிரித்தது என்பதற்கு இத்தாள் நேரடிச் சான்று. நிகழ்ச்சி அப்படியே நடந்தது என்று எழுதுவதற்கு அவ்வார உள்ளூர்ச் செய்தித்தாளும் நகரவை ஏடுகளும் வேண்டும்.