கராஜ் பட்டறையில் முதல் எதிரி எண்ணெய்த் துணி

தம்பி, குடியாத்தத்திலிருந்து டல்லாஸ் வந்து நாலு மாசம் ஆகுது, வீட்டோடு ஒட்டிய கராஜில் சின்னதாக மரப்பட்டறை போடலாமா, தீ பயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட்டே ஆகவேண்டும்.

நம் பக்கம் கதவுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவார்கள். வேலை நடப்பது வாசலில், சுற்றிலும் மண்தரை, அதனால் தப்பித்தோம். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும்.

அந்த எண்ணெய் காய்வது தண்ணீர் உலர்வது போல அல்ல. ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் சூடு பறந்துவிடும். கசக்கிய துணிக்குள் சேர்ந்துகொண்டே போகும். சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மரத்துக்குப் பூசும் டானிஷ் ஆயில், டங் ஆயில் துணியும் அப்படித்தான்.

வேலை முடிந்த கையோடு துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். அப்பளம் போல விறைத்த பிறகுதான் குப்பைக்கு. மழை என்றால், மூடி உள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முழுக்க அமிழ்த்தி வையுங்கள்.

அடுத்தது மரத்தூள். ஆரணி ரைஸ் மில் பக்கம் உமிக்குவியல் பார்த்திருப்பீர்கள்: மேலே சாம்பல், உள்ளே கனல். தூள் பையும் அதே ரகம். உளிக்குச் சாணை பிடிக்கும்போது தெறிக்கும் தீப்பொறி உள்ளே போனால் நடுராத்திரிதான் புகையும். சாணையைத் தூரத்தில் வையுங்கள். சாண்டர் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்) பையை அன்றன்றைக்கே வெளியே காலி செய்யுங்கள், வார்னிஷ் இழைத்த தூள் என்றால் கட்டாயம்.

மின்சாரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஊரில் 230 வோல்ட், இங்கே 120. 1800 வாட் ரம்பம் ஊரில் 8 ஆம்பியர் இழுக்கும், இங்கே 15. அதே கம்பியில் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. 16 கேஜ் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வேண்டாம். 50 அடிக்கு 12 கேஜ் வாங்குங்கள். எண் குறைந்தால் கம்பி பருமன். சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் தின்னர், ஸ்பிரிட் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சின்ன பைலட் சுடரைத் தொடும்.

5 பவுண்டு ஏபிசி (மரம், எண்ணெய், மின்சாரத் தீ மூன்றுக்கும் ஆனது) தீயணைப்பான் ஒன்றை வெளியேறும் கதவுப் பக்கமே மாட்டுங்கள். கராஜுக்குப் புகை அலாரம் சரிவராது. தூளுக்கே கத்தும், எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவோம். வெப்ப அலாரம் போடுங்கள்.