லாரிக்குப் பாடி கட்டுவது உற்பத்தியா, சேவையா?

நாமக்கல் அருகே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வண்டிக்காரர்கள் சேஸை, அதாவது பாடி இல்லாத வெறும் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்; நாங்கள் அதன்மேல் பாடி கட்டிக் கொடுப்போம். டிராக்டர் டிரெய்லரும் செய்கிறோம். விபத்தில் நசுங்கிய கேபினை நிமிர்த்தும் வேலையும் வரும். ஜி.எஸ்.டி.யில் சேவை என்று 18 சதவீதம் கட்டுவதால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவிலும் சேவை என்று போட்டு, வாகனப் பழுதுபார்ப்புக்கான குறியீட்டைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வங்கியில், நீங்கள் உற்பத்தி நிறுவனமே இல்லையே என்கிறார்கள். எது சரி?”

நீங்கள் செய்வது உற்பத்திதான். ஒவ்வொரு தொழிலுக்கும் எண் தரும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உங்கள் முதன்மைக் குறியீடு 2920 என்ற வகுப்பில், மோட்டார் வாகனங்களுக்குப் பாடியும் கேபினும் செய்வதற்கான 29201 ஆக இருக்க வேண்டும். இப்போது உங்கள் சான்றிதழில் இருப்பது 4520; அது வாகனங்களைப் பராமரிப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரியது.

இந்தக் குழப்பம் பல பட்டறைகளில் இருக்கிறது. வரித்துறையும் தொழில் வகைப்பாடும் கேட்கும் கேள்விகள் வேறு வேறு என்பது தெரியாமல் போவதுதான் இதற்குக் காரணம். பாடி கட்டப்படும் சேஸ் யாருக்குச் சொந்தம் என்பதை ஜி.எஸ்.டி. பார்க்கிறது. வாடிக்கையாளரின் சேஸில் கட்டி, கட்டுமானக் கூலியும் அதில் செலவான பொருள்களின் விலையும் வாங்கினால் அது சேவை என்று 2018 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை விளக்கியது. அது பஸ் பாடியைப் பற்றிப் பேசினாலும், சொந்த சேஸில் கட்டி முழு வண்டியாக விற்றால் பொருள் வழங்கல், அடுத்தவர் சேஸில் கட்டினால் சேவை என்ற பிரிவினையை அதில்தான் தெளிவாகக் காணலாம். தேசியத் தொழில் வகைப்பாடு, அதாவது மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2008 பதிப்பு, சேஸின் சொந்தக்காரரைப் பார்ப்பதில்லை. பட்டறைக்குள் நடக்கும் வேலை என்ன என்பதை மட்டுமே அது கேட்கிறது. தகடு வெட்டி, சேனல் வளைத்து, குறுக்குச் சட்டம் வைத்து வெல்டிங் செய்து, பலகை பதித்து, பக்கக் கதவுகளை மாட்டி, பெயின்ட் அடித்து, வெறும் சேஸாக வந்ததைச் சரக்கேற்றும் லாரியாக அனுப்புகிறீர்கள். அந்த வேலையைச் சொந்தக் கணக்கில் செய்தாலும் பிறருக்காகக் கூலிக்குச் செய்தாலும் அது உற்பத்தியே என்பது, இந்த வகைப்பாட்டுக்கு அடிப்படையான ஐ.நா. தொழில் வகைப்பாட்டின் விதி. ஆகவே வரிக்குச் சேவையாகவும் உத்யமில் உற்பத்தியாகவும் ஒரே பட்டறை இருப்பதில் எந்த முரணும் இல்லை. வங்கி அதிகாரியிடம் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

குறியீட்டின் அமைப்பு எளிதானது. முதல் இரண்டு இலக்கங்கள் பெரும் பிரிவைக் காட்டும்; நான்கு இலக்கங்கள் வரை ஐ.நா. வகைப்பாட்டோடு ஒத்துப்போகும், ஐந்தாவது இலக்கம் நம் நாட்டுத் தேவைக்காகச் சேர்க்கப்பட்டது. கார், லாரி, பாடி, டிரெய்லர், உதிரிப் பாகம் எல்லாம் 29 ஆம் பிரிவில் வரும். கப்பல், ரயில் பெட்டி, விமானம், மோட்டார் சைக்கிள், சைக்கிள் முதலியவை 30 ஆம் பிரிவுக்குப் போகும். மூன்று சக்கர ஆட்டோ ரிக்‌ஷாவும் மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து 3091 இல் இருக்கிறது. ஆட்டோவுக்குப் பாகம் செய்பவர்கள் அதை 29 இல் தேடி ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் பழைய பத்திரங்களில் 34, 35 என்ற எண்கள் இருந்தால் அவை 2004 பதிப்பின் பிரிவுகள். இன்றைய பதிவுக்கு உதவா.

டிராக்டர் டிரெய்லரில்தான் அதிகக் கவனம் தேவை. சரக்கு ஏற்றும் டிரெய்லர், செமி டிரெய்லர் எல்லாம் 2920 தான். ஆனால் விவசாயத்துக்கென்றே வடிவமைத்த டிரெய்லர் அந்த வகுப்பிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டு, வேளாண் இயந்திரங்களுக்கான 2821 க்கு அனுப்பப்பட்டிருக்கிறது. கரும்பும் நெல் மூட்டையும் ஏற்ற விவசாயிக்குச் செய்து கொடுப்பது 2821. சாலையில் பொதுச் சரக்கு இழுப்பதற்கென்று செய்வது 2920. இரண்டும் செய்கிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். உத்யமில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளுக்கு இடமுண்டு.

நசுங்கிய கேபினை நிமிர்த்துவதும் டிங்கர் வேலையும் 4520 என்பதில் ஐயமில்லை. பழைய பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே சேஸில் புதிதாகக் கட்டினால், என் கணிப்பில் அது பழுதுபார்ப்பு அல்ல, புதிய பாடி. 2920 இல் வைப்பதே பொருத்தம்.

உதிரிப் பாகம் செய்யத் தொடங்கும் எண்ணம் இருந்தால், வண்டியில் பொருத்தப்படுவதெல்லாம் 2930 அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பிரேக், ஆக்சில், கதவு, பம்பர் அங்கே வரும். டயர் 2211, பேட்டரி 2720, விளக்கு 2740, பிஸ்டன் 2811, பட்டை ஸ்பிரிங் 2599.

பல வேலைகளில் எது முதன்மை என்பதை மொத்த விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாங்கிய இரும்பு, பலகை, பெயின்ட் ஆகியவற்றின் விலையைக் கழித்தபின் உங்கள் உழைப்பும் இயந்திரமும் சேர்த்த மதிப்பு எந்த வேலையில் அதிகமோ அதுவே முதன்மை. உதாரணமாக, ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்க்குப் பாடி கட்டி, அதில் பொருள் செலவு 40 லட்சம் என்றால் சேர்த்த மதிப்பு 20 லட்சம். பழுதுபார்ப்பில் 15 லட்சம் வந்து பொருளுக்கு 3 லட்சம் போனால் 12 லட்சம். பாடி கட்டுவதே முன்னிற்கிறது.

பாகங்களை வாங்கி விற்பதும் உண்டென்றால் அதற்கான 4530 ஐ ஒருபோதும் முதன்மையாகப் போடாதீர்கள். வணிகர்களை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பயனோடு நிறுத்திவிட்டார்கள். பாக்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம் 45 நாள் கெடுவைக் காட்டி வட்டியோடு கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை; அந்த உரிமை உங்களைப் போன்ற உற்பத்தியாளர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் செய்வது சிரமமில்லை. உத்யம் தளத்தில் பதிவு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் கொடுத்து உள்ளே சென்று, இரண்டு, நான்கு, ஐந்து இலக்கம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து 29201 ஐச் சேர்த்து, முதன்மைச் செயல்பாட்டை உற்பத்தி என்று மாற்றுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் இடைத்தரகர். பதிவு எண் மாறாது. புதிய சான்றிதழோடு, சேஸ் உள்ளே வந்த ரசீதும் பாடி கட்டிய பில்லும் இணைந்த நான்கைந்து தொகுப்புகளை வங்கிக்கு எடுத்துச் செல்லுங்கள்.